டச்சு அரசு அடிமை வியாபாரத்துக்கு மன்னிப்புக் கேட்டது. பழவேற்காட்டில் கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் அது சேருமா?

கடலோரன் (சென்னை) கேட்டது

முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அடிமை வியாபாரத்துக்கு இன்றைக்கு ஓர் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டால் யாருக்கு என்ன கிடைக்கிறது? இதைக் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு, வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நான் படித்த பாடத்தில் டச்சுக்காரர்கள் துணி வாங்க வந்தார்கள் என்று இருந்தது. ஆட்களையும் வாங்கிக் கப்பலேற்றினார்கள் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. 1659இலிருந்து 1661 வரை தஞ்சைச் சீமையில் பஞ்சம். அந்த நேரத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரும்பாலானவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப்பேர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும்.

2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் கேட்டார். செய்திகளில் எல்லாம் டச்சு ஆட்சியில் இருந்த தென்னமெரிக்க நாடான சூரினாம், கரீபியன் தீவுகள் என்றே வந்தது. செய்தவரும் உயிரோடு இல்லை, பட்டவரும் உயிரோடு இல்லை. அப்படியிருக்க இந்த மன்னிப்பு சரியா? சரி என்றால் நம் கரையில் விற்கப்பட்டவர்களுக்கு அதில் இடம் உண்டா? நெதர்லாந்தில் வசிப்பவர்கள் யாராவது இருந்தால் அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள்.

நேர்கோடு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தாத்தா வாங்கிய கடனுக்கே, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பேரன் பொறுப்பு என்கிறது சட்டம். தாத்தாவின் தாத்தா செய்த பாவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? ரோட்டர்டாமில் பஸ் ஓட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா 1970களில் துருக்கியிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர். அவர் கட்டுகிற வரிப்பணத்தில் இந்த மன்னிப்பு, விழாக்கள், விழிப்புணர்வுக்கு என்று 20 கோடி யூரோ நிதி. இது நியாயமா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்களைப் பிடித்து விற்றதில் ஆப்பிரிக்க அரசர்களுக்கும் அரபு வணிகர்களுக்கும் பங்கு உண்டு. நம் ஊர்த் தரகர்களுக்கும் உண்டு. எல்லோரும் வரிசையில் நின்று கேட்டால் எப்போது முடியும்? இன்றைக்கும் செங்கல் சூளையில் குடும்பத்தோடு கொத்தடிமையாகக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மீட்பதில் இந்த அக்கறையைக் காட்டலாம்.

ஹேக்_தமிழச்சி

நான் டென் ஹாகில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். எங்கள் மாடியில் இருப்பவர்களில் பாதிப்பேர் சூரினாமிலிருந்து வந்தவர்கள், கூட வேலை செய்கிறவர்களிலும் அப்படித்தான். அதனால் இந்த விஷயம் எனக்குத் தினமும் சாப்பாட்டு மேசையில் அடிபடுகிற பேச்சு. கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

முதலில் நேர்கோடு சொன்ன வாரிசுச் சட்டம். அதையே எடுத்துக்கொள்வோம். விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குப் பொறுப்பு என்றால், இங்கே சொத்தை வாங்கிக்கொண்டது யார் என்று பார்க்க வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நொடித்துப்போனதும் 1796இல் அதை அரசே எடுத்துக்கொண்டது. கடனையும் ஏற்றுக்கொண்டது, கோட்டைகளையும் தீவுகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஜாவாவை அதற்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டு ஆண்டது. கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள்கூட இந்த ஊர் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. இலங்கையில் வாங்கிய ஆள் எத்தனை, வழியில் செத்தது எத்தனை என்று எழுதிய கடிதங்களை அரசு தன் சொத்தாக வைத்துப் பாதுகாக்கிறது. சொத்து என்னுடையது, அதில் எழுதியிருக்கிற செயல் மட்டும் வேறு யாருடையதோ என்று ஓர் அரசு சொல்ல முடியாது.

சூரினாமில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 1863 ஜூலை 1 அன்று அங்கே அடிமைமுறையை ஒழித்தார்கள். இழப்பீடு கொடுத்தார்கள், ஆனால் உடைமைக்காரர்களுக்கு. ஒரு தலைக்கு 300 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). குழந்தையானாலும் கிழவியானாலும் அதே 300. கரீபியனில் உள்ள குராசோ தீவில் 200. அந்தப் பணம் அரசுக் கஜானாவிலிருந்து போனது. அதில் ஜாவா விவசாயிகளைக் கட்டாயமாகப் பயிரிடவைத்துச் சம்பாதித்த பணமும் இருந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 15 வயதிலிருந்து 60 வயது வரை உள்ளவர்கள் மேலும் பத்து வருஷம் அரசு மேற்பார்வையில் தோட்டத்தில் ஒப்பந்தம் போட்டு வேலை செய்தாக வேண்டும் என்று சட்டம். அது முடிந்தது 1873இல். அதே வருஷம் ஜூன் 5 அன்று கல்கத்தாவிலிருந்து வந்த லல்லா ரூக் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கியது. ஒரு கணக்கு முடிவதற்குள் இன்னொன்றைத் திறந்துவிட்டார்கள்.

ரோட்டர்டாம் பஸ் ஓட்டுநரை யாரும் குனியச் சொல்லவில்லை. ருட்டே தன் உரையிலேயே இதைத் தெளிவாகச் சொன்னார்: இன்று உயிரோடு இருக்கும் யாருக்கும் அடிமைமுறையில் தனிப்பட்ட குற்றம் கிடையாது, ஆனால் டச்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 1863இல் 300 கில்டர் கொடுத்த அரசும் இன்று என் சம்பளத்தில் வரி பிடிக்கிற அரசும் ஒன்றுதான். பஸ் ஓட்டுநர் குடியுரிமை வாங்கும்போது இந்த நாட்டின் சாலையும் பள்ளிக்கூடமும் ஓய்வூதியமும் அவருக்கும் சேர்ந்து வந்தன. கணக்குப் புத்தகமும் கூடவே வந்தது.

மன்னிப்புக் கேட்ட அன்றைக்கு மதியம் எங்கள் இல்லத்தின் கூடத்தில் தொலைக்காட்சியைப் போட்டுவைத்திருந்தோம். பாரமரிபோவில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். அவர் சின்ன வயதில் சூரினாமில் படித்தபோது நெதர்லாந்தின் ஆறுகளையும் ரயில் நிலையங்களையும் வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தார்களாம். பார்க்காத நாட்டின் ரயில் நிலையங்கள். தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி ஒரு வரி அந்தப் புத்தகங்களில் இல்லை. பின்னாளில் சூரினாமின் அடிமைப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியபோது அவருடைய பேத்தி தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தின் அச்சுப்படியை மருந்துச் சீட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். எனக்கும் காட்டியிருக்கிறார். மேலே உடைமைக்காரரின் பெயர். கீழே வரிசைகள்: ஆளின் பெயர், ஆணா பெண்ணா, பிறந்த வருஷம், தாயின் பெயர். கடைசிக் கட்டம் விற்றது, செத்தது, விடுதலையானது ஆகியவற்றை எழுத. தகப்பன் பெயருக்குக் கட்டமே கிடையாது. குடும்பப் பெயரும் கிடையாது. அதை 1863இல் அதிகாரிகள் கொடுத்தார்கள். சிலருக்கு முதலாளியின் பெயரையே தலைகீழாக மாற்றிப்போட்டுக் கொடுத்தார்கள். டி வ்ரீஸ் என்பவரிடம் இருந்தவர்கள் வ்ரீஸ்டே ஆனார்கள். இன்றைக்கும் அந்தப் பெயரோடு ஆட்கள் இருக்கிறார்கள்.

ருட்டே மன்னிப்பை டச்சு மொழியில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலும், குராசோ பக்கத்து மொழியான பாப்பியமெந்துவிலும், சூரினாமில் பேசுகிற ஸ்ரானன் டோங்கோவிலும் சொன்னார். ஸ்ரானன் வாக்கியத்தை அவர் சொன்னதும் அந்த அம்மா அதே வாக்கியத்தைச் சரியான உச்சரிப்பில் உரக்கத் திருப்பிச் சொன்னார். வகுப்பில் பையனைத் திருத்துகிற மாதிரி. அப்புறம், பள்ளிக்கூடத்தில் இந்த மொழியில் பேசினால் அடிவிழும் என்று எங்களிடம் சொன்னார். அழவில்லை. சாயங்காலம் பேத்திக்குப் போன்போட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என்னோடு வேலை செய்கிற ஒருவர் அன்று டிவி பக்கமே வரவில்லை. தேதியை எங்களைக் கேட்காமல் முடிவு செய்தார்கள் என்பது அவருடைய கோபம். விடுதலை நாளான ஜூலை 1தான் சரியான நாள் என்று சூரினாமியச் சங்கங்கள் கேட்டன, சில அமைப்புகள் நீதிமன்றம்வரை போயின, தோற்றன. அந்தக் கோபத்துக்கு வரலாறும் உண்டு. 2002 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாம் ஊஸ்டர்பார்க்கில் அடிமைமுறை நினைவுச்சின்னத்தை அரசி பியாட்ரிக்ஸ் முன்னிலையில் திறந்தார்கள். பிரமுகர்கள் உள்ளே. யாருடைய முன்னோர்களுக்காக அந்தச் சின்னமோ அவர்கள் பாதுகாப்பு வேலிக்கு வெளியே. தன் பாட்டிக்கு வைத்த சிலையை வேலிக் கம்பி வழியாகப் பார்க்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மன்னிப்பு என்றால் அதில் விவரம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. யார் செய்தது, யாருக்குச் செய்தது, எவ்வளவு சம்பாதித்தது, இனி என்ன செய்யப்போகிறது. விவரம் குறையக் குறைய அது வெறும் இரங்கல் செய்தி ஆகிவிடுகிறது. 2006இல் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் ஆழ்ந்த வருத்தம் என்று எழுதினார். வருத்தப்படுவதற்கு யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 2009இல் அமெரிக்க செனட் மன்னிப்பு என்ற சொல்லையே பயன்படுத்தித் தீர்மானம் போட்டது, ஆனால் இதை வைத்து யாரும் அரசின்மீது உரிமை கோர முடியாது என்று அதே தீர்மானத்தில் ஒரு வரியும் சேர்த்தது. டச்சு அரசும் 2013இல் வருத்தமும் மனவேதனையும் என்று சொல்லி நின்றுகொண்டது. மன்னிப்பு என்று சொல்ல இன்னும் ஒன்பது வருஷம் ஆயிற்று.

மன்னர் கேட்டதை நான் கொஞ்சம் கூடுதலாக மதிக்கிறேன். காரணம் விவரம்தான். அதற்குச் சில நாள் முன்னால் வெளியான ஆய்வு ஒன்று, 1675இலிருந்து 1770 வரை காலனிகளிலிருந்து மன்னரின் குடும்பமான ஒரான்ய வம்சத்துக்குக் கிடைத்த வருமானம் இன்றைய மதிப்பில் 54.5 கோடி யூரோ என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அந்த எண்ணை எல்லோரும் படித்துவிட்ட பிறகு அவர் ஊஸ்டர்பார்க்கில் நின்று, என் முன்னோர்கள் இதைத் தடுக்க எதுவும் செய்யாமல் இருந்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். அந்தச் சொத்தின் வாரிசு, அந்தப் பெயரோடு, அந்த இடத்தில் நின்று சொன்னார்.

இனி கடலோரன் கேட்ட இரண்டாவது கேள்வி. ருட்டேயின் உரையில் கிழக்குப் பக்கமும் இருந்தது. டச்சு வணிகர்கள் அட்லாண்டிக்கைக் கடத்திக் கொண்டுபோன ஆப்பிரிக்கர்கள் 6 லட்சத்துக்கும் மேல் என்று சொல்லிவிட்டு, ஆசியாவில் கம்பெனியின் ஆளுகைக்குள் வாங்கி விற்கப்பட்டவர்கள் 6,60,000 பேரிலிருந்து 10 லட்சத்துக்கும் மேல் இருக்கும், சரியான எண்ணிக்கைகூடத் தெரியாது என்றார். கவனியுங்கள், கிழக்கின் எண் மேற்கின் எண்ணைவிடக் குறைவில்லை. மன்னிப்பும் உலகில் எங்கெல்லாம் டச்சு அரசின் செயலால் அடிமையாக இருந்தார்களோ அவர்கள் எல்லோரிடமும் கேட்கப்பட்டது. ஆகவே பழவேற்காட்டில் ஏற்றப்பட்டவர்கள் அதில் சேர்த்திதான். ஆனால் அன்றைக்கு அமைச்சர்கள் விமானம் ஏறிப்போனது சூரினாமுக்கும் கரீபியன் தீவுகளுக்கும். கொழும்புக்கோ நாகப்பட்டினத்துக்கோ யாரும் வரவில்லை. கேட்க அங்கே யாரும் இல்லையே என்பது அவர்கள் பக்கத்துக் காரணமாக இருக்கலாம். இந்த இழையைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். பழைய டச்சுப் பதிவுகளில் அவள் பெயர் பெரிய காத்ரைன், பழவேற்காட்டவள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதில் இல்லை. பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள். அங்கே ஒருவனைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாக மாற்றி 1657இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். கோட்டையில் துணி வெளுக்கிற வேலை. அவளுக்கும் ஒரு சிப்பாய்க்கும் பிறந்த மகன் வழியாக வந்ததுதான் அங்கே இன்றைக்குப் பெருகிக் கிடக்கிற ஸ்நைமன் குடும்பம். அந்தப் பெயரோடு ஆயிரக்கணக்கில் ஆஃப்ரிக்கானர்கள் (ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்தவர்கள்) இருக்கிறார்கள். பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து போன ஒரு பெண்ணின் வம்சம். அவள் ஊரில் அவள் பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை.

வல்லைவெளி (யாழ்ப்பாணம்)

அக்கா எழுதினதோட இலங்கைப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். அந்தப் பஞ்சத்தில் வாங்கின ஆட்களில் பெரும்பங்கு வந்து இறங்கினது இங்கதான். வயல்வேலைக்கும் கோட்டை வேலைக்கும் அவர்களை வைத்திருந்தார்கள். கொழும்பில் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் ஸ்லேவ் ஐலண்ட். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தங்கட அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது.

ஒல்லாந்தர் 1707இல் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து எழுதுவித்தபோது அடிமைகள் பற்றியும் அதில் எழுதப்பட்டது. எங்கட சாதி வழக்கத்தில் இருந்த கொடுமைக்கு ஒல்லாந்தர் முத்திரை குத்திச் சட்டமாக்கிக் கொடுத்தார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். பிரிட்டிஷ்காரர் காலத்தில் 1844இல்தான் இங்க அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். டச்சு அரசு மன்னிப்புக் கேட்கிறது சரி. அந்தச் சட்டத்தால் பயனடைந்தது யாரென்று எங்கட ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைப்பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை.

தஞ்சை_வாசகர்

வல்லைவெளி சொன்ன இடத்திலிருந்தே நானும் தொடங்குகிறேன். எங்கள் குடும்பம் கும்பகோணம் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். தாத்தாவின் பெட்டியில் இருந்த பழைய ஓலைகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அதில் ஒன்று நில விற்பனை. நஞ்சை, புஞ்சை, தோப்பு, கிணறு, அதற்கு அடுத்து ஆட்களின் பெயர்கள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தை ஒன்று. ஹேக்_தமிழச்சி எழுதிய சூரினாம் பதிவேட்டைப் படித்தபோது எனக்கு அந்த ஓலைதான் கண்முன் வந்தது. அந்த ஆட்களின் வழிவந்தவர்கள் அதே ஊரில், அதே தெருவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். சூரினாமைப் போலக் கடல்கடந்து தேட வேண்டியதில்லை. நடந்தே போய்ப் பார்க்கலாம்.

டச்சுக்காரன் வருவதற்கு நெடுநாள் முன்பே இங்கே இது இருந்தது. 1201ஆம் ஆண்டு திருப்பாம்புரம் கல்வெட்டில், பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன் இரண்டு பெண்களோடு 110 காசுக்குத் தன்னையே கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி இருக்கிறது. கம்பெனி அந்தப் பழைய வழக்கத்துக்குக் கப்பலையும் மொத்த விலையையும் கொண்டுவந்தது.

வெள்ளைக்காரன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அடிமைகளை விடுவித்தோம் என்று பெருமை பேசுகிற 1833ஆம் வருஷத்து பிரிட்டிஷ் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. நமக்குப் பத்து வருஷம் கழித்து 1843இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும், அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற அளவில்தான். அடிமை வைத்திருப்பதையே குற்றமாக்க இந்தியத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல். நேர்கோடு சொன்ன செங்கல் சூளை இந்த வரிசையில் வருவதுதான், தனி விஷயம் இல்லை.

என் கேள்வி ஹேக் சகோதரிக்கு. விற்றவர்களும் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? அப்படிக் கேட்ட முன்னுதாரணம் எங்காவது உண்டா?

ஹேக்_தமிழச்சி

உண்டு ஐயா. 1999இல் பெனின் நாட்டு அதிபர் மத்தியூ கெரெக்கு அமெரிக்காவின் பால்டிமோரில் கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றில் மண்டியிட்டு, ஆட்களைப் பிடித்து விற்றதில் ஆப்பிரிக்கர்களுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். பெனினின் பழைய தாஹோமி அரசு அந்த வியாபாரத்தில் கொழித்தது. அவர் கேட்டதால் ஐரோப்பாவின் பொறுப்பு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. நேர்கோடு சொன்னாரே, எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டுமா என்று. ஆமாம், நிற்கத்தான் வேண்டும். வரிசை நீளம் என்பதற்காக முதலில் நிற்பவர் விலகிவிட முடியுமா?

உங்கள் வீட்டு ஓலையைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை ரொம்பவே பாதித்தது. யோசனை சொல்லலாம் என்றால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெயர்களை அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள், ஓலையின் படம் ஒன்றையும் அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் இஷ்டம். எங்கள் இல்லத்து அம்மாவுக்கு அந்த ஒரு பக்கம் கிடைக்க எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அது அவர்களுடைய குடும்ப ஆவணமும்தான்.

பிரிட்டன் விஷயத்தில் நீங்கள் சொன்னதோடு இன்னொன்று. 1833 சட்டத்தின்படி உடைமைக்காரர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். அதற்காக வாங்கிய கடன் வேறு கடன்களோடு கலந்து கைமாறிக் கைமாறி 2015இல்தான் முழுவதும் தீர்ந்தது. பிரிட்டனில் வேலை செய்து வரி கட்டிய நம்மவர்களும், ஜமைக்காவிலிருந்து வந்தவர்களும் அந்தக் கடனுக்குப் பங்கு கட்டியிருக்கிறார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள், முதலாளிகளுக்குக் கொடுத்த இழப்பீட்டுக் கடனை அடைத்திருக்கிறார்கள். இது பழைய கதை, இன்றைய வரிப்பணத்துக்குச் சம்பந்தமில்லை என்று அந்த அரசு சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2023இல் நாடாளுமன்றத்தில் நேரடியாகக் கேட்டபோதும் பிரதமர் ரிஷி சுனக் முடியாது என்றார். கரீபியன் நாடுகள் 2014இல் முன்வைத்த பத்து அம்சக் கோரிக்கையில் முதலாவது, முழுமையான அதிகாரபூர்வ மன்னிப்பு. பணம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

நமக்கு உபயோகமான முன்னுதாரணம் பிரான்சில் இருக்கிறது. அடிமைமுறையை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001 மே 21ஆம் தேதிச் சட்டம், அட்லாண்டிக்கோடு இந்தியப் பெருங்கடலையும் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் என்று ஆப்பிரிக்கர்கள், அமெரிக்கப் பழங்குடியினர், மடகாஸ்கர் மக்கள் ஆகியோரோடு இந்தியர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புதுச்சேரியிலிருந்து ரீயூனியனுக்கும் மொரீஷியஸுக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள் அந்தச் சட்டத்தின் வாசகத்துக்குள் இருக்கிறார்கள். டச்சு அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இப்படிப்பட்ட வாசகம்தான். சோழமண்டலக் கரை, பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று எழுத்தில் வரவேண்டும்.

நேர்கோடு

வாரிசு வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அரசு சொத்தை எடுத்துக்கொண்டது என்றால் பொறுப்பும் கூடவே வரும், ஏற்கிறேன். ஆனால் பணத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 300 கில்டரை முதலாளிக்குக் கொடுத்த அரசு, இன்றைக்கு விழிப்புணர்வு நிதி என்று ஒதுக்குவதோடு கணக்கை முடித்துக்கொள்கிறதே? மன்னிப்பை ஆதரிப்பவர்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள்? நான் எதிர்த்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஹேக்_தமிழச்சி

நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கே சூரினாமியர்களிலும் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. ருட்டே தன் உரையில் இது முற்றுப்புள்ளி இல்லை, காற்புள்ளி என்று சொன்னார். அந்த வார்த்தையை எங்கள் இல்லத்தில் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். காற்புள்ளிக்கு அப்புறம் என்ன எழுதினீர்கள் என்று ஒவ்வொரு ஜூலை 1க்கும் கேட்கிறார்கள். மன்னிப்புக் கேட்காத அரசிடம் இதைக் கேட்கக்கூட முடியாது. கேட்ட அரசிடம் கேட்கலாம். சிறிய விஷயங்கள் சில நடந்திருக்கின்றன. உதாரணத்துக்கு, அடிமைகளின் வழிவந்தவர்கள் அந்தத் தோட்ட முதலாளிகள் காலத்துக் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ள உத்ரெக்ட் நகராட்சி கட்டணம் இல்லாமல் உதவ முன்வந்தது. சூரினாமின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நேரடியாகப் பணம் போக வேண்டும் என்பது என் கருத்து.

கடலோரன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மனு ஒன்று எழுதலாம் என்று தோன்றுகிறது. டச்சுத் தூதரகத்துக்கு அனுப்பலாம். பழவேற்காட்டில் ஒரு நினைவுக்கல், கம்பெனி ஆவணங்களில் இந்தக் கரையின் ஆள் வியாபாரத்தைப் பற்றிய பகுதிகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு, இந்த இரண்டு மட்டும் கேட்கலாமா?

ஹேக்_தமிழச்சி

கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள். கல்லில் காத்ரைனின் பெயர் இருக்கட்டும். ஆவண விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: கம்பெனியின் பழைய கையெழுத்துப் பக்கங்கள் சுமார் 50 லட்சத்தை இங்கே எந்திரம்கொண்டு படித்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றிவருகிறார்கள். பழைய டச்சுதான், கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டும், ஆனால் பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று தட்டித் தேடலாம். ருட்டேயின் உரையில் ஆசியாவைப் பற்றி வரும் பத்தியை இந்த ஞாயிற்றுக்கிழமை தமிழாக்கி இங்கே போடுகிறேன், மனுவோடு இணைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சுப் பதிவுகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால், அனுமதி வாங்குவது எப்படி என்று கீழே எழுதுங்கள்.